கரியர் இல்லாத சைக்கிள்

நான் வேலை செய்யும் மலைக்கிராமத்திலிருந்து மேலே ஏறும் பாதையின் தொடக்கத்தில், சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு தடைக்கம்பு குறுக்கே கிடக்கிறது. கார்கள் அதைத் தாண்டக் கூடாது. சைக்கிள்காரருக்கு மட்டும் கம்பின் ஓரத்தில் ஓர் ஆள் போகக்கூடிய இடைவெளி விட்டிருக்கிறார்கள். இங்குள்ளவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை, வளைந்து நுழைந்து போய்விடுகிறார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் இறங்கிவிடுகிறேன். இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கம்பைக் கடந்து, சற்றுத் தூரம் நடந்த பிறகுதான் ஏறுகிறேன். அங்கே காவலுக்கு ஒருவரும் இல்லை. சில நாட்களில் ஒரு மாடு நிற்கும், அதுவும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல்நாள் என்னோடு வந்து இதைக் கண்ட ஊர்ஸ் என்பவர் "மூடெ?" என்று கேட்டார். களைத்துவிட்டாயா என்று அர்த்தம். ஊரில் இராணுவக் காவலரணான சென்றி ஒவ்வொன்றிலும் இறங்கிப் பழகிய கால்கள் இவை என்று சொல்ல எனக்கு அப்போது போதுமான ஜேர்மன் மொழி இல்லை. "யா" என்றேன். அன்றிலிருந்து அந்தக் கம்படிக்கு வந்ததும் அவர் பையைத் திறந்து உலர்ந்த அப்பிள் துண்டுகளை என் கையில் வைக்கிறார். பாவம், நல்ல மனுசன்.

ஊர்ஸ் நான் வேலை செய்யும் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். குசினியில் நான் அவருக்குக் கீழே கிழங்கு உரிக்கிறேன், சட்டி கழுவுகிறேன், இப்போது கொஞ்சம் சலாட்டும் வெட்டுகிறேன். திங்கட்கிழமை ஹோட்டலுக்கு விடுமுறை. ஒரு திங்கள் நான் அறையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதை அறிந்தவர், தன்னுடைய பழைய வெலோவைக் கொண்டுவந்து கதவோடு சாத்திவிட்டு, வா என்று கையைக் காட்டினார். வெலோ என்றால் இங்கே சைக்கிள். தடித்த ரயர், வளைந்த ஹாண்டில். மட்காட் இல்லை, பெல் இல்லை, டைனமோ இல்லை, கரியர் இல்லை. எங்கள் ஊரில் இப்படியொரு சைக்கிளைக் கண்டால் யாரோ கழற்றி விற்றுவிட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

அதில் ஏறிச் சரளைக்கல் கொட்டிய கிறவல் பாதையில் ஓடுகிறோம். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். எங்கள் ஒழுங்கைக்குத் தார் போடச் சொல்லி எத்தனை பேரிடம் கேட்டிருப்போம்! கிறவல் கொட்டினால் அதுவே பெரிய உபகாரம். இங்கே பக்கத்தில் கண்ணாடிபோலத் தார் றோட்டு இருக்க, அதை விட்டுவிட்டுக் கிறவலைத் தேடிப் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஊர்ஸ் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "அவுட்டோஃப்றை." வாகனம் இல்லை. ஒரு வளைவில் நிறுத்தி, கீழே வெறிச்சென்று கிடக்கும் பாதையைக் கையால் காட்டி, பார், ஒரு வாகனமும் இல்லை, அழகல்லவா என்பார். நானும் தலையாட்டுவேன். ஆனால் என் முதுகு கூசும்.

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் என் மனைவி வதனி. திருகோணமலையில் நாங்கள் இருந்தது நகரத்துக்கு வெளியே, உப்புவெளிப் பக்கம். அவளுக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. எனக்கு அதற்குச் சற்று அப்பால் ஓர் இரும்புச் சாமான் கடையில். சைக்கிள் ஓட்டப் பழக்குகிறேன் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டும் அவள் பழகவில்லை. "எனக்கென்ன விசரே, ஓடுறதுக்கு ஒரு ஆள் இருக்கேக்கை?" என்பாள். கரியரில் நான் உடுத்துப் பழசான சாரம் ஒன்றை நாலாக மடித்துக் கட்டி, அதன்மேல் பக்கவாட்டாக இருந்துதான் வேலைக்கு வருவாள். சென்றி வந்தால் இறங்கவேண்டும், ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கரியரில் ஆள் இருக்கும்போது ஓட்டுகிறவன் பின்பக்கமாகக் காலைத் தூக்கி இறங்க ஏலாது. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு "இறங்கும்" என்று சொல்லவேண்டும், அவள் இறங்கி முடிக்கும்வரை அப்படியே நிற்கவேண்டும். அதற்குள் காவலுக்கு நிற்பவன் கெதியாக வரச்சொல்லிக் கத்துவான். அவள் அதற்காக அவசரப்பட்டதாக எனக்கு நினைவில்லை, சாரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் நகருவாள்.

ஒருநாள் காலை இருவரும் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில், கடற்காற்று, மிதிக்கச் சுகமாக இருந்தது. தெரு எங்களுக்கே எழுதி வைத்ததுபோல் கிடந்தது. அவள் என் முதுகில் இரண்டு தரம் தட்டினாள்.

"என்னப்பா, தெருவிலை ஒண்டையும் காணேல்லை. திருப்புங்கோ."

"கடை திறக்கவேணும், முதலாளி பேசுவார்."

"பேசட்டும். ஓட்டோவும் இல்லை, மீன்காரரும் இல்லை. திருப்புங்கோவன்."

திருப்பினேன். வீட்டுப் படலையைச் சாத்துவதற்குள் நகரப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. வெறுந்தெரு என்றால் மற்றவர்களுக்கு முன்னமே செய்தி போய்விட்டது, நமக்குத்தான் இன்னும் வரவில்லை என்று பொருள். இங்கே மலையில், ஊர்ஸ் அழகு என்று காட்டும் இடத்தில், அவளுடைய விரல்கள் வந்து தட்டும் என்று என் முதுகு காத்திருக்கிறது.

பிறகு என்னைத் தேடி ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வெளியே போக ஒருவருக்குத்தான் வழி கிடைத்தது. நான் வந்தேன். அவளைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவள் அங்கே நடந்தும், பஸ் ஓடும் நாட்களில் பஸ்ஸிலும் வேலைக்குப் போய்வருகிறாள். இந்த நிலையில் சைக்கிள் ஓடுவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதுவும், எங்கும் போவதற்காக இல்லாமல், ஏறி ஏறி உச்சியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்காக! அடுத்த கிழமை சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு திங்கள் மலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். சிக்னல் கிடைக்கும் இடம் வந்ததும் என் கைத்தொலைபேசி விடாமல் அதிர்ந்தது. அத்தனையும் அவள் வழக்கமாகப் பேசும் கொமினிகேஷன் கடையின் இலக்கம். வெலோவைப் புல்லில் போட்டுவிட்டு அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தேன். கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு விட்டார், அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள். விடியப்புறம் தொடங்கித் துறைமுகப் பக்கமிருந்து விரிகுடாவுக்கு அப்பால் ஷெல் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். கதவு யன்னல் எல்லாம் ஆடியதாம். கிண்ணியாப் பக்கத்தில் இருந்து சனம் வருகிறதாம்.

"உங்கடை குரலைக் கேட்டால் காணுமெண்டு இருந்தது. எங்கை நிண்டனீங்கள்?"

"மேலை நிண்டனான்."

இரைச்சலுக்குள் அவளுக்கு அது வேறாகக் கேட்டது.

"வேலையோ? லீவு நாளிலையும் கூப்பிட்டு வேலை வாங்குறாங்களோ? பாவம் நீங்கள். சாப்பிட்டியளே?"

மேலை, வேலை. ஓர் எழுத்துத்தான். திருத்தியிருக்கலாம், அதற்கு ஒரு நொடி போதும். என் காலடியில் அந்த வெலோவின் சில்லு இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபுறம் கதவு ஆடிய வீட்டில் இருந்து ஓடிவந்த ஒருத்தி நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். "ஓம், சாப்பிட்டனான்" என்றேன். அன்றிரவு எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அடுத்த திங்கள் ஊர்ஸ் கதவைத் தட்டினார், போனேன். அதற்கடுத்ததும் போனேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது விண்ணப்பமும் நினைவில் இல்லை, செய்திகளும் நினைவில் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு அவளும் நினைவில் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கிறவலில் கல் தெறிக்கும் சத்தத்தோடு நான் விசிலடித்துக்கொண்டு இறங்குகிறேன் என்பது எனக்கே திடீரென்று தெரியவரும். உடனே வாயை மூடிக்கொள்வேன். இந்த நாட்டில் என்னைப்போல் இருக்கும் எத்தனையோ பேர் இப்படி நடுவில் வாயை மூடிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அகப்பட்டது என் சொந்தக் கவனக்குறைவால். அவள் வந்தால் இருப்பதற்கென்று நான் பார்த்து வைத்த சிறிய வீட்டை அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டு, குசினி, யன்னல், எல்லாவற்றையும் படம் எடுத்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ஊர்ஸ் எடுத்துத் தந்த படம் ஒன்றும் அந்த உறைக்குள் சேர்ந்து போய்விட்டது. மலை உச்சியில் வெலோவைப் பிடித்தபடி, பல் அத்தனையும் தெரிய நிற்கிறேன். அவள் தொலைபேசியில் முதலில் யன்னலைப் பற்றிக் கேட்டாள். பிறகு கேட்டாள்.

"உந்த மலைப் படம் எப்ப எடுத்தது?"

"ஒரு திங்கட்கிழமை."

அவள் படங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப வேலையெண்டு சொன்னது?"

"நான் மேலை எண்டுதான் சொன்னனான். உமக்கு வேலையெண்டு கேட்டிட்டுது."

"பிறகும் ஒவ்வொரு திங்களும் நான் பாவம் பாவம் எண்டு சொல்லேக்கை கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"நான் வேண்டாமெண்டே சொல்லப்போறன்? நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் எனக்கு இது ஒண்டுதான்." பிறகு சொன்னாள். "உங்கடை சைக்கிள் இஞ்சை கரியரோடை கறள் பிடிச்சுக் கிடக்குது. அங்கை ஒண்டு கரியர் இல்லாமல் ஓடுது. நான் எங்கையப்பா இருக்கிறது?"

நான் வாய் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அவள் பகிடிக்குச் சொன்னாளா, நொந்து சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பேச்சு வாங்கத் தயாராக இருந்தவனுக்கு அந்தக் கேள்வி வந்து விழுந்தது.

அடுத்த நாள் இடைவேளையில் கீழ்க்கிராமத்துச் சைக்கிள் கடைக்குப் போனேன். கரியர் வேண்டும் என்றேன். இந்த வெலோவுக்கு அது பொருந்தாது, பாரம் கூடும், மலைக்கு நல்லதில்லை என்றார் கடைக்காரர். என் மனைவிக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்து, அவளுடைய வெலோ என்ன அளவு என்று கேட்டார். அவளுக்கு வெலோ இல்லை, அவள் அதில் இருப்பாள் என்று கையால் காட்டினேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரியரில் பொறித்திருந்த இருபத்தைந்து கிலோ என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டி, பெரியவர்களை ஏற்றுவது இங்கே சட்டப்படி குற்றம் என்றார். எங்கள் ஊரிலும் டபிள் போவது குற்றம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டித் தாருங்கள், அவள் இப்போது இங்கே இல்லை என்றேன். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், குரலைத் தாழ்த்தி ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார். அவர் நினைத்தது தவறு என்று சொல்லவும் பயமாக இருந்தது, சொல்லாமல் விடவும் பயமாக இருந்தது. "இருக்கிறாள், வருவாள்" என்று இரண்டு தரம் சத்தமாகச் சொன்னேன்.

போன திங்கள் அந்த வெலோவோடு ஏறினேன். என்னிடம் இருந்த ஒரு சாரத்தை நாலாக மடித்துக் கரியரில் கட்டியிருந்தேன். கிறவலில் கரியர் கடகடவென்று சத்தம் போட்டது. ஊர்ஸ் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். தடைக்கம்படியில் அவர் வழக்கம்போல் வளைந்து நுழைந்து அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அப்பிள் பையைத் திறந்தார். நான் பிறேக் பிடித்தேன். பின்பக்கமாகக் காலைத் தூக்கி இறங்க மனம் வரவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "இறங்கும்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, அப்படியே நின்றேன்.

ஊர்ஸ் கையில் அப்பிள் துண்டோடு பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரும் வருகிறார்களா என்று கேட்டார்.

"யா" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால், ஒரு வாகனமும் இல்லாத அந்தப் பாதையைக் கீழே வளைவு வரைக்கும் பார்த்தார். பிறகு பையில் இருந்து இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டார்.