சுமக்கப்படும் பக்கம்

2024 நவம்பர் 12, செவ்வாய். ஆறரைக்கு எழுந்தோம். என் மனைவி வசந்தி எனக்கு முகம் துடைத்து ஓட்ஸ் கஞ்சி ஊட்டினாள். மாலை வேதபாட வகுப்புக்கான குறிப்பை நான் சொல்ல, அவள் எழுதினாள். பத்து மணிக்குக் குளிப்பாட்ட அழைத்துப்போனாள்.

குளியலறை வாசலில் என் முழங்கால் மடங்கியது. அவள் பிடியை விடவில்லை. இருவரும் விழுந்தோம். நான் அவள் கைமேல் விழுந்தேன்.

எனக்கு இயக்க நரம்பணு நோய் (தசைகளை அசைக்கும் நரம்புகள் சிறிது சிறிதாகச் செத்துப்போவது). நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வோபர்ன் பகுதியில், எங்கள் சிறிய சபையில், ஆராதனை முடிந்ததும் கதிரைகளை அடுக்குவது போதகரின் வேலை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான். ஒரு ஞாயிறு கதிரை என் கையிலிருந்து நழுவியது. அதுதான் தொடக்கம்.

மருத்துவர் ஒளிக்கவில்லை. “இது குணமாகாது. மூச்சுத் தசைகளும் ஒருநாள் சோரும்.”

வீட்டுப் பராமரிப்பாளர் வேண்டாம் என்று மறுத்திருந்தேன். இந்தப் பகுதியில் அந்த வேலை செய்பவர்களில் பலர் எங்கள் சபையினர். ஞாயிறு என் பிரசங்கம் கேட்டவர் திங்கள் என்னை நிர்வாணமாகக் காண்பதா? ஊழியன் சேவை செய்கிறவன், கேட்கிறவன் அல்ல என்று எனக்கே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வசந்தியின் மணிக்கட்டு முறிந்திருந்தது என்று மாக்கட்டுப் போட்டார்கள். வசந்தி அழைக்க வந்து எங்களைக் காரில் கொண்டுபோன யோகன் சபையின் இளைஞர், பராமரிப்பாளர்.

“பாஸ்டர், அக்கா இனி உங்களைத் தூக்க ஏலாது. நான் வாறன்.”

“வேற ஆரும் வரட்டும்.”

“ஏன்? மோசே சனத்தைக் கைக்குழந்தை மாதிரிச் சுமந்தவர் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். நாங்களும் உங்கட கையில குழந்தையா இருந்து களைச்சுப்போனம்.”

வசந்தி வலியோடு சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டாள்: “இஞ்சாருங்கோ, மற்றக் கையும் முறிஞ்சால்தான் ஓம் எண்டுவியளோ?”

வகுப்பை நிறுத்தினோம். அன்றைய பாடம் எபிரேய வேதத்தில் அதே மோசே. இந்தச் சனத்தைத் தனியே சுமக்க முடியாது, இதைவிட நீரே என்னைக் கொன்றுவிடும் என்று அவர் கடவுளிடம் முறையிடுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பாரத்தைப் பங்கிட எழுபது பேரைக் கொடுக்கிறார். நான் இதைத் தலைமைக்கான பாடமாக மட்டுமே சொல்லிவந்தேன். களைத்தவன்மேல் கடவுள் வைத்த அன்பு அதில் இருந்தது. மோசேக்குக் கிடைத்த துணையை நான் வசந்திக்கு மறுத்திருந்தேன்.

“யோகனை வரச் சொல்லும்,” என்றேன் வசந்தியிடம்.

இதே நோயில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக எதுவும் சொல்ல என்னிடம் இல்லை. நான் தேறவில்லை. இன்று கழுத்தும் நிற்பதில்லை. இதையும் கைபேசிக்குச் சொல்லித்தான் எழுதுகிறேன். என் உடல் எங்கே முடிகிறது, மற்றவரின் கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை. யாராவது வந்து புரட்டும்போதுதான் எனக்கு விடிகிறது.

நாங்கள் விழுந்த மறுநாள், புதன்கிழமை காலை, முதல் வேலையாக யோகன் என் சட்டையைக் கழற்றினார். நான் கண்களை மூடவில்லை.