வெள்ளையடித்து மறைத்த குறி

கொண்டாப்பூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அத்தான் இறந்த பிறகு, செகந்திராபாத் கடைவீதியில் உள்ள சின்னத் தையல் கடையை வைத்துத்தான் அக்கா பிள்ளைகளை வளர்க்கிறாள். கடையின் முன்பக்கத்தை இழுத்துக் கட்ட, வியாபாரிகள் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக் கடன் கேட்டோம். வட்டி, தவணை, ஜாமீன் என்று நான் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பார்வையிட வருகிறார்கள் என்றதும் சுவருக்கு வெள்ளையும் அடித்தோம்.

வந்த செயலாளர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் உள்ளூர் உருது கலந்திருக்கும். சுவரையே உற்றுப் பார்த்தார்.

"எல்லாக் கடையிலயும் சிவப்புக் குறி இருக்கு. உங்க சுவத்துல மட்டும் கைக்கு, ஏன் இல்ல?"

அக்கா தயங்கினாள். "ஏதோ தெலுங்குல கிறுக்கியிருந்தாங்க சார். கட்சிக்காரங்க வேலைன்னு நெனச்சு அடிச்சு மறைச்சிட்டோம்."

"நக்கோம்மா, வேணாம், முன்னால எதையும் கட்டாதீங்க! ரோட்டை அகலப்படுத்த முனிசிபாலிட்டி போட்ட குறி அது. அந்தக் குறி வரைக்கும் இடிப்பாங்க. கட்டினது போயிடும், கடன்தான் மிஞ்சும்."

அவரே, கடனைத் தையல் மிஷின்கள் வாங்குவதற்கென்று மாற்றி எழுதச் சொன்னார்.

மழைக்காலம் முடிந்ததும் முன்பக்கத்தை இடித்தார்கள். அக்கா பின்னறையில் தைக்கிறாள், தவணை தவறவில்லை.

இப்போது யாராவது கடைக் கடனுக்கு என்னிடம் யோசனை கேட்டால், பட்டியல் போடுவதற்கு முன் அவர்களோடு அந்தத் தெருவில் ஒருமுறை நடக்கிறேன். சுவரில் புரியாத எழுத்து எது இருந்தாலும், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன்.