உப்பு போட்ட கை

மழைக்கால விரதம் தொடங்கிய பௌர்ணமியன்று, மோனிவா ஊரின் ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் தியானக் கூடத்தில், கடலைப்பருப்புக் குழம்பு வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. பிக்குமார்கள் வழக்கம்போலத் தலை குனிந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு பெண்கள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அடியம்மா! சிந்த்வின் ஆத்துக்குள்ள கடல் வந்துடுச்சா?" என்று தண்ணீர்க் குவளையைத் தேடினாள் சேன் லா. கூடத்து நிர்வாகியின் மனைவி அவள். "யாரு கை இது?"

எல்லோர் கண்ணும் தின் மேவின் பக்கம் திரும்பியது. கணவர் இறந்ததிலிருந்து கூடத்துச் சமையலுக்கு அவள்தான் பொறுப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள், மூலையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த ஓன் சி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"என் கைதான். அக்கா போட்டது தெரியாம நானும் ஒரு பிடி போட்டுட்டேன்."

நடக்கக்கூடிய தவறுதான். புத்தருக்கும் பிக்குமார்களுக்கும் படைக்கும் உணவை அடுப்படியில் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஒரே சட்டியில் இரண்டு கை உப்பு போட்டாலும் படைத்து முடிக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் சிரித்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க ஓன் சிக்கு 'உப்புக்காரி' என்று பேர். கூப்பிட்டால் அவளும் "என்னம்மா" என்று வந்து நின்றாள்.

ஆனால் அன்று காலை ஓன் சி அடுப்புப் பக்கமே வரவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து புளிச்சகீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அது தின் மேவுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், அதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. எல்லோரும் தண்ணீர் குடித்துக் கொப்பளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் இரண்டாவது கவளத்தையும் விழுங்கியிருந்தாள். அவளுக்குக் கரிக்கவில்லை. ஈரத் துணியை மென்றது போல இருந்தது. கோடையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் அப்படித்தான்.

இது வெளியே தெரிந்தால் அடுப்படி கை விட்டுப் போய்விடும். பிள்ளை இல்லாத வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடக்காமல் இருக்க, அந்த அடுப்படி ஒன்றுதான் அவளுக்கு இருந்தது.

ஓன் சி ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள். மூங்கில் தெப்பம் ஓட்டியவனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். தெப்பம் ஒரு வெள்ளத்தில் போனது, ஆளும் போனான். சுரைக்காய்ப் பஜ்ஜி போட்டு விற்று இரண்டு பையன்களை வளர்த்தாள். பையன்கள் மாண்டலேக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். விடியலில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், அந்த அணைந்த அடுப்புக்கு எதிரிலேயே பாய் விரித்துக் கண்ணை மூடி உட்காருவாள். பிறகு எழுந்து ஒரு சோறு, ஒரு கீரை, கொஞ்சம் வறுத்த மிளகாய் என்று ஆக்குவாள். அவள் வீட்டுச் சாப்பாடு அவ்வளவுதான். அதையும் ஆற அமர, பேசாமல் சாப்பிடுவாள். தெருவில் அவளை ஞானி என்று யாரும் சொன்னதில்லை. பஜ்ஜி நன்றாக இருக்கும் என்றுதான் சொல்லுவார்கள்.

பௌர்ணமி கழிந்து சில நாளில், தின் மே வீட்டில் பருப்பு வேகப் போட்டுவிட்டு அடுப்பருகிலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஓன் சி வேகமாக உள்ளே வந்து சட்டியை இறக்கி வைத்தாள்.

"என்ன, என் வீட்டுல வந்து என் சட்டிய இறக்கற?"

"அடி பிடிச்சுடுச்சுக்கா. நாலு வீடு தள்ளி எனக்கு வாசம் வந்துச்சு."

தின் மே சட்டிக்குள் பார்த்தாள். கரியாக இருந்தது. மூக்குக்கு மட்டும் அது எட்டவில்லை.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றாள்.

"அன்னிக்கு ரெண்டாவது வாய் சாப்பிட்டீங்களே, அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எதுக்கு உன் தலையில போட்டுக்கிட்ட?"

"என் தலைக்கு என்ன? உப்புக்காரின்னா உப்புக்காரி. நாளைக்குக் காலைல என் வீட்டுக்கு வாங்க. சேர்ந்து ஆக்கலாம்."

மறுநாள் தின் மே போனபோது ஓன் சி பாயில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். தின் மேவும் உட்கார்ந்தாள். கால் மரத்துப் போனது. காதருகே கொசு பாடியது. கண்ணைத் திறந்து, "உனக்கு என்னதான் தெரியுது?" என்று கேட்டாள்.

"மூச்சு வருது, போகுது. கொசு கடிக்குது."

"அவ்ளோதானா?"

"வேற என்னக்கா தெரியணும்?"

பிறகு அடுப்பு மூட்டினார்கள். கூடத்தில் தியானம் பழகுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் பழக்கம் ஒன்று உண்டு. நடக்கையில் காலைத் தூக்கும்போது 'தூக்குகிறேன்' என்றும், வைக்கும்போது 'வைக்கிறேன்' என்றும் மனதுக்குள் குறித்துக்கொள்வார்கள். ஓன் சி அதை உப்பு ஜாடிக்குக் கொண்டுவந்திருந்தாள். எடுக்கிறேன், போடுகிறேன், மூடுகிறேன். அதற்குமேல் ஜாடியைத் தொடுவதில்லை.

"நாக்கு இல்லாட்டி என்ன, கை இருக்கு. போட்ட கைக்குப் போட்டது தெரியணும். பேச்சு குடுத்துக்கிட்டே போடறதாலதான் ரெண்டு தடவை விழுது" என்றாள். "பருப்போட சத்தத்தையும் கேளுங்க. கொதிக்கிற சத்தம் கனத்துப் போச்சுன்னா அடி பிடிக்கப் போகுதுன்னு அர்த்தம்."

அரிசி களையும்போது அவள் உதடு அசையும். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்பாள்.

"சேன் லாவுமா?" என்று ஒரு நாள் தின் மே கேட்டாள்.

"அவ வயிறு வேற, என் வயிறு வேறன்னு அரிசிக்குத் தெரியுமா? அதுக்கே தெரியலைன்னா எனக்கு எதுக்கு?"

மழை ஓய்ந்தது, குளிர் வந்தது. விடியலில் இருவரும் உட்காருவதும் ஆக்குவதும் நிற்கவில்லை. கூடத்திலும் குழம்பு அதற்குப் பிறகு கரிக்கவில்லை. ஒரு காலையில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, கிண்டுவது தன் கை என்ற நினைப்பே சிறிது நேரம் தின் மேவுக்கு இல்லாமல் இருந்தது. கரண்டி சுற்றியது, பருப்பு சுற்றியது, பக்கத்தில் ஓன் சியின் மூச்சு கேட்டது, அது தன்னுடைய மூச்சு போலவும் இருந்தது. பிறகு விறகு வெடித்து அது கலைந்துவிட்டது. அவள் அதை ஓன் சியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

புத்தாண்டு நெருங்கியது. ஊரெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடும் அந்த விடுமுறையில் கூடத்தில் மௌனத் தியானம் நடக்கும், வெளியூர் ஆட்களும் வந்து தங்குவார்கள். சமையலைப் பற்றிப் பேசக் கூடியபோது சேன் லா மாண்டலேயில் சாப்பாட்டுக் கடை நடத்தும் தன் அண்ணன் மகளைச் சமையலுக்குக் கூப்பிடலாம் என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு தேயிலை ஊறுகாய்த் தட்டைத் தின் மேவின் முன் தள்ளினாள்.

"இதுல என்ன குறையுதுன்னு சொல்லுங்க பாப்போம், தின் மே அக்கா."

தின் மே ஒரு வாய் மென்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓன் சி, "நான்தான் இன்னிக்கு அதைக் கலக்கும்போது..." என்று தொடங்கினாள். தின் மே அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல, சேன் லா. காய்ச்சலோட நாக்கும் போச்சு, மூக்கும் போச்சு. அன்னிக்குப் பருப்புல ரெண்டு பிடியும் போட்டது நான்தான். இவ கிணத்தடியில கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா."

சேன் லா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ருசி தெரியாம இத்தனை பேருக்கு எப்படிக்கா ஆக்குவீங்க?"

"தானத்துக்கு ஆக்கறப்ப நீ ருசி பாப்பியா?"

அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு 'ஆமாம்' என்று யாரும் சொல்ல முடியாது. வயதான பெண்மணி ஒருத்தி தோள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி. ஆனா உப்பு ஜாடி என் கையில இருக்கட்டும்" என்றாள் சேன் லா.

அப்படியே ஆனது. தினமும் விடியலில் சேன் லா வந்து உப்பு போட்டுவிட்டுப் போனாள். நடுவில் ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டாள். ஜாடி அவள் வீட்டில் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு எல்லோரும் உப்பில்லாத பருப்பைச் சாப்பிட்டார்கள். மௌன விரதம் என்பதால் குறை சொல்ல யாருக்கும் வாய் இல்லை. தியானம் முடிந்த நாளில் சேன் லா ஜாடியைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, "எனக்கு விடியக்காலைல எழுந்திரிக்க முடியலக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அடுப்படி தின் மேவிடமே இருந்தது. ஓன் சிதான் போனாள். சகாயிங் மலையில் ஒரு மடத்தில் பெண் துறவியாகச் சேரப் போவதாக அவள் சொன்னபோது யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. பஜ்ஜிச் சட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். பாயைத் தின் மேவுக்குக் கொடுத்தாள்.

பேருந்து நிலையத்துக்குத் தின் மே உடன் போனாள். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஓன் சி காலமான செய்தி மட்டும் வந்தது. அன்று அது தெரியாததால் இருவரும் சாதாரணமாகவே நின்றார்கள்.

"அடுத்த தடவை பாக்கும்போது நான் உன்னை விழுந்து கும்பிடணும்" என்றாள் தின் மே.

"இன்னும் மொட்டை அடிக்கலக்கா. இன்னிக்கு வரைக்கும் நான் உப்புக்காரிதான்."

"போட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்தா என்ன பண்றது? கேக்க நீ இருக்க மாட்ட."

"சந்தேகம் வந்தா போடாதீங்க. அன்னிக்குத்தான் எல்லாரும் உப்பில்லாமச் சாப்பிட்டாங்களே, யாருக்கு என்ன ஆச்சு?"

பேருந்து கிளம்பியது. ஓன் சி கூப்பிய கையைப் பிரிக்காமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏதோ ஞாபகம் வந்தவள் போலக் கத்தினாள்.

"அக்கா! அடுப்பை அணைச்சுட்டுத்தானே வந்தீங்க?"