கல்யாண ரவிக்கைக்கு வந்த டி.எஸ்.டி ஃபைல்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் நான் சூப்பர்வைசர். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஆள்களிடம் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே வாய் வந்துவிட்டது. தபாலில் வருகிற துணிக்கடை நோட்டீஸைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

மகள் கல்யாணத்துக்கு நாலே நாள் இருக்கும்போது, திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் என் தங்கை ஒரு ஃபைல் அனுப்பினாள். முகூர்த்த ரவிக்கையின் முதுகில் மாப்பிள்ளையும் பொண்ணும் மாலை மாற்றுகிற மாதிரி வேலைப்பாடு போடுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்த டிசைன் அத்தை சீராக இருக்கட்டும் என்றாள். இங்கே தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த தையல்கடைக்கார அம்மாவோ, "இன்னைக்கு ஆறு மணிக்குள்ள டிசைன் வந்தாதான் மெஷின்ல ஏத்துவேன். இல்லாட்டி வெறும் ரவிக்கைதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஃபைல் பெயரின் கடைசியில் டி.எஸ்.டி என்றிருந்தது. படமும் இல்லை, பி.டி.எஃப்பும் இல்லை. போதாதா எனக்கு?

"யாரும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டுத் தங்கைக்கு ஃபோன் போட்டேன். "நீதான் அனுப்பினியா, இல்ல உன் ஃபோனை எவனாவது திருடிட்டானா?"

"என் குரலைக் கேட்டுமா சந்தேகம்? அது தையல் மெஷின் ஃபைலுண்ணா. பேசாம கொண்டுபோய்க் குடு" என்று வைத்துவிட்டாள்.

வைரஸ் சோதனை ஓட்டினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? இணையத்தில் தேடினால், எந்த ஃபைலையும் இலவசமாகத் திறக்கலாம் என்று ஒரு தளம் பெரிய பச்சைப் பொத்தானைக் காட்டியது. அமுக்கப் போனபோது மகள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ஸ்டாப் லா! அத்தை அனுப்புனது சேஃப். இவன் யாருன்னே தெரியாது, இவன் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்றீங்க! வைரஸ் இதுலதான் வரும்!"

"நல்லா கேளு" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

எம்பிராய்டரி மெஷின் செய்கிற கம்பெனியின் சொந்தத் தளத்துக்கே போய், அங்கிருந்த மென்பொருளை இறக்கி, மகளே திறந்தாள். ஐயையோ! மாப்பிள்ளை முகம் பச்சை. பொண்ணு நீலம். மாலை கன்னங்கரேல் என்றிருந்தது. "பாத்தியா, கெட்டுப்போச்சு!" என்று குதித்தேன். அவள் பதில் சொல்வதற்குள் பென்டிரைவில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலைப் பிடித்தேன்.

தையல்கடை அம்மா நான் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, இதுல கலரே கிடையாது. ஊசி எங்க குத்தணும், எங்க நிக்கணும், எப்ப நூல் மாத்தணும், அவ்வளவுதான் இருக்கும். பச்சை நீலமெல்லாம் கம்ப்யூட்டரு தானா போட்டுக்கிட்டது. எந்த நூலுன்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்பாடா! போடுங்க, போடுங்க."

"பொண்ணு உருவத்துக்கு முகூர்த்தப் புடவை கலரையே போடலாம். ரவிக்கைத் துணிதான் எங்கிட்ட இருக்கு, புடவையை நான் பாக்கல. என்ன கலரு?"

எனக்குத் தெரியாது. அந்தப் புடவைக்காக ஆத்தாளும் மகளும் மூன்று சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினார்கள். நான் எதிர்க்கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டு மகளுக்கு ஃபோன் போட்டேன்.

"உன் புடவை என்ன கலரும்மா?"

"காலையிலேருந்து அந்த ஃபைலைப் பத்தி நூறு கேள்வி கேட்டீங்க. என் கல்யாணத்தைப் பத்தி இதுதாம்ப்பா நீங்க கேட்ட மொதல் கேள்வி." கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது.

உடனே ஒரு போட்டோ வந்தது. மாம்பழ மஞ்சள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். என் பொண்ணா இது, எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? கடை நடுவில் நின்று அழுதேன்.

"அண்ணே, நீங்க பாட்டுக்கு அழுங்க" என்றார் அந்த அம்மா. "போனை மட்டும் இப்படிக் குடுங்க, பார்டர் பாக்கணும்."