உச்சவரம்புக்குள் அடங்காத ரெனே

மொன்றியலில் திருமாறன் கணக்குப் பார்க்கும் கூடைப்பந்து அணி மூன்று வருடமாகத் தோற்கிறது. இப்படித் தோற்கிற அணிக்குப் ‘புதிதாகக் கட்டப்படும் அணி’ என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

வீரர்களின் மொத்தச் சம்பளம் லீக் விதித்த உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. இரண்டு இளம் வீரர்களை எடுக்க யாரை விடலாம் என்று மனேஜர் கேட்டார். திருமாறன் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரே பெயர்தான் வந்தது. அணித் தலைவர் ரெனே. சம்பளமும் கூட, வயதும் கூட. டொலார்ட் புறநகரில் திருமாறனுக்குப் பக்கத்துத் தெருக்காரர். பனியில் கார் ஓட்டப் பயப்படும் திருமாறனைத் தினமும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவரும் அவர்தான்.

பெயரை எழுதிக் கொடுத்தார். நேற்று ரெனேயிடம் சொல்லிவிட்டார்கள், எழுதிக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்து.

இன்று காலை திருமாறன் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது மனைவி மனோகரி ஜன்னலடியில் நின்றாள்.

“இஞ்ச பாருங்க, அவர்ர கார் வந்து நிக்குது.”

திருமாறன் போய் ஏறினார். ஹீட்டர் அவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ரெனே காரை நெடுஞ்சாலையில் ஏற்றினார். பிறகு பிரெஞ்சில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் போன பிறகு உங்களை யார் ஏற்றிக்கொண்டு போவார்கள்?”