பாதியில் நின்ற பன்றி ரோஸ்ட்

உயிர்த்த ஞாயிறன்று மகளைப் பெண் கேட்டு நானாட்டானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மதியம் வருவதாக இருந்தது. பூசை முடிந்து தோட்டவெளியில் உள்ள வீட்டுக்கு வந்ததும், உள்ளி, மிளகு, ரோஸ்மேரி இலை தடவி ஊறவைத்த பன்றித் தொடையை கனத்த சட்டியில் மூடி காஸ் அடுப்பில் ஏற்றினேன். இறைச்சி பாதி வேகும்போதே காஸ் முடிந்துவிட்டது. கடைகள் எல்லாம் பூட்டு.

வெறும் சிலிண்டரோடு வாசல் படலையில் நின்ற என்னைப் பக்கத்து வீட்டு றிஸ்வானா கண்டாள். விசயத்தைக் கேட்டவள், உள்ளே போய்த் தன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

நான் தயங்கினேன். “றிஸ்வானா, சட்டியில கிடக்கிறது பண்டி இறைச்சி.”

“மணத்திலயே தெரியும் அக்கா. நாங்கள் தின்னமாட்டம்தான். அதுக்காக வாற சனம் பச்சை இறைச்சியோ தின்னுறது? பிடியுங்கோ.”

வந்தவர்கள் ரோஸ்டை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கலியாணத்துக்குச் சம்மதமும் சொன்னார்கள். கை கழுவ வெளியே வந்தபோதுதான் கண்டேன். வேலிக்கு அப்பால் றிஸ்வானா மூன்று கல் வைத்து விறகு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கியபடி சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“சரிவந்ததோ அக்கா?” என்றாள்.

“ஓம், சரிவந்தது” என்றேன்.

பன்றி சமைக்கிற நாட்களில் அவள் முகம் சுளிப்பாளென்று நானாகவே நினைத்து விலகி இருந்திருக்கிறேன். அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.