அடுத்தவர் சாவிக்குத் திறந்த பெட்டி

இன்னைக்கு யாரைப் பார்த்துட்டு வந்தேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சாவி போடுறாரே, அவரை! மனசு ஆறல, வந்த உடனே டைப் பண்றேன்.

அவருக்கு சாமி, சகுனம் எதுவும் கிடையாது. ஆனா தற்செயல்னா உயிர். ஒரே மாதிரி உடைஞ்ச சாவியோட ரெண்டு பேர் ஒண்ணா வந்து நின்னா போதும், அரத்தைப் போட்டுட்டுக் கைதட்டுவார். "பாருய்யா, யாரும் ஏற்பாடு பண்ணல, தானா நடக்குது! அதுலதான் ருசியே!"

கடைக்குப் பின்னாடியே வீடு. சம்சாரம் செத்ததுல இருந்து அவங்க இரும்புப் பெட்டி பூட்டியே கிடந்துச்சு. சாவி கிடைக்கல. கம்பியை விட்டு நெம்பினா அவருக்கு அது ஒரு வேலையே இல்ல. ஆனா கை வரல.

போன வருஷம், அம்மா செத்த அதே தேதியில மக வந்திருந்தா. அன்னைக்குப் பார்த்து யாரோ ஒருத்தர் மாத்துச் சாவி போடத் தன் சாவியைக் கொடுத்தார். பெட்டிப் பூட்டோட அதே கம்பெனி. எங்க திறக்கப் போகுதுன்னு இவர் அதை விளையாட்டா பெட்டியில விட்டுத் திருப்பினார். திறந்துடுச்சு!

மக அப்படியே தரையில உக்காந்துட்டா. "அம்மாதான்பா அனுப்பியிருக்கா."

இவருக்கோ சந்தோஷம் தாங்கல. "அட நீ வேற! மட்டமான பூட்டும்மா. கம்பெனிக்காரன் நாலஞ்சு மாதிரி மட்டும் சாவிப் பல்லை வெட்டி ஊருக்கே வித்துடுறான். என்னைக்காவது ஒண்ணு ஒத்துப்போகும். அது இன்னைக்கா மாட்டணும்!" கைதட்டிச் சிரிச்சுட்டார்.

"அம்மா செத்த நாள்ல சிரிக்கிறியாப்பா?"

"பூட்டைப் பார்த்துத்தான்டி சிரிக்கிறேன்."

"எனக்காக ஒரே தடவை சொல்லேன், அம்மாதான்னு. நீ நம்பக்கூட வேணாம். வாயால சொல்லு, போதும்."

வாயைத் திறந்தார். "பொய்யைச் சொல்லி உன்னை எப்படிம்மா தேத்துறது?"

"நீயும் உன் பூட்டும்!"னு செருப்பை மாட்டிக்கிட்டுப் போனவதான். அதுக்கப்புறம் அப்பா போன் பண்ணா அவ எடுக்கறதே இல்ல.

"சும்மா சொல்லியிருக்கலாமே சார்?"னு நான் கேட்டதுக்கு முறைச்சார். கையில இருந்த சாவியைத் தேச்சுக்கிட்டே இருந்தார், பல்லு மழுங்கிப் போனதுகூடத் தெரியாம. அப்புறம் மெதுவா சொன்னார்: "நான் அவளுக்குப் போன் போடுற அதே நேரத்துல அவளும் எனக்குப் போட்டு, லைன் பிஸின்னு வரணும் தம்பி. எத்தனையோ தற்செயல் நடக்குது. இது மட்டும் நடக்க மாட்டேங்குது."

அந்தப் பக்கம் போனா ஒரு சாவி போட்டுக்கோங்க. உங்களுக்கு நடந்த தற்செயல் ஒண்ணைச் சொல்லிட்டு வாங்க, கேக்க ஆசையா இருக்கார். இதை ஷேர் பண்ணுங்க, மக கண்ணுல படட்டும். ஆனா அப்பா மனசு மாறிட்டார்னு மட்டும் யாரும் கீழ எழுதிடாதீங்க. அவர் மாறல.